காட்டெருமைக்கு எத்தனை சிப்பாய் மதிப்பு? இன்ஜினில் சோதிக்க உதவி வேண்டும்

கோத்தகிரி_சிப்பாய்:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கோத்தகிரியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். மழை பிடித்துக்கொண்டால் யாரையும் வெளியே விட முடியாது, அப்படி அடைந்து கிடந்த ஒரு மத்தியானம் பசங்களே ஒரு காயை உருவாக்கிவிட்டார்கள். பெயர் காட்டெருமை. முன்னால் யானை மாதிரி எத்தனை கட்டம் வேண்டுமானாலும் பாயும், பக்கவாட்டில் ஒரே கட்டம், பின்னால் நேராக வரவே வராது, குறுக்காக ஒரு கட்டம்தான். தேயிலைக்குள்ளிருந்து அது வருவதைப் பார்த்தவர்களுக்கு ஏன் இப்படி என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு குதிரையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கிறோம்.

இது குதிரையைவிடப் பெரிய காய் என்று ஒரு கோஷ்டி, தண்டம் என்று இன்னொரு கோஷ்டி. புதுக் காய், புது விதிகளோடும் ஆடத் தெரிந்த செஸ் இன்ஜினான (ஆடும் மென்பொருள்) ஃபேரி-ஸ்டாக்ஃபிஷை இறக்கி, ஒரு பக்கம் காட்டெருமை, எதிர்ப்பக்கம் குதிரை என்று இன்ஜினை இன்ஜினோடு மோதவிட்டேன், நிறமும் மாற்றி மாற்றித்தான். காட்டெருமைப் பக்கம் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ஆனால் பல ஆட்டங்களில் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் அச்சு அசலாக ஒன்றேதான். இதை நம்பலாமா? ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர்த்த வழியில்லாத நிலை, வழக்கமாக டிரா) ஆனவருக்குத் தோல்வி என்ற விதியையும் சேர்க்கச் சொல்கிறார்கள், இரண்டையும் ஒன்றாகவே ஓட்டிவிடலாமா?

குறுக்குமந்திரி:

நம்பாதீர்கள், இப்போதைக்கு. ஒரே ஓப்பனிங் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் நீங்கள் பார்ப்பது காயின் பலத்தை அல்ல, அந்த ஒரு ஓப்பனிங்கின் பலத்தை. பின்வரிசைக் காய்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கி நிறையத் தொடக்க நிலைகள் தயார் செய்யுங்கள், ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு தடவை ஆடவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. 100 ஆட்டத்துக்கு 55 புள்ளி எடுத்தால் ஜெயித்ததாகத் தோன்றும். டிராவே இல்லாத ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் 100-ல் பத்துப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அதிர்ஷ்டத்திலேயே போகும், டிரா நிறைய வந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்தத் தடுமாற்றத்தைப் பாதியாக்க ஆட்டங்களை நாலு மடங்காக்க வேண்டும். அப்புறம், வந்த சதவீதத்தை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, அளவுகோல் வேண்டும். அதே இன்ஜின், அதே நேரம், சாதாரணக் காய்கள், ஒரு பக்கம் மட்டும் ஒரு சிப்பாயைக் குறைத்து ஓட்டுங்கள். அதில் வரும் வித்தியாசம்தான் உங்களுக்கு ஒரு சிப்பாய். ஃபேரி-மேக்ஸ் என்ற இன்ஜினை எழுதிய எச்.ஜி. முல்லர் இந்த மாதிரி கணக்குப் போட்டுத்தான், பத்துக்கு எட்டுப் பலகையில் மந்திரியும் (பிஷப்) குதிரையும் சேர்ந்த காய், யானையும் குதிரையும் சேர்ந்த காய்க்கு மிக நெருக்கமாக வருகிறது என்று காட்டினார். தனித்தனி மதிப்பைக் கூட்டிப் பார்த்தவர்கள் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

இன்ஜினுக்கே அந்தக் காயைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். புதுக் காய்க்கு அது தானாகவே ஒரு மதிப்பு போட்டுக்கொள்ளும். அது தப்பாக இருந்தால் விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் மாற்றிக்கொள்ளும், மாற்ற வேண்டிய இடத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரும். மதிப்பை நீங்களே, காயின் விதியை எழுதும் கோப்பில் எழுதிக் கொடுக்க முடியும். ஒரு இன்ஜினுக்குக் குறைவாக, இன்னொன்றுக்கு அதிகமாக எழுதி, இருவருக்கும் காட்டெருமையையே கொடுத்து மோதவிட்டால் எந்த மதிப்பு சரியென்று அதிலேயே தெரியும்.

கொடை_மேகம்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் காயின் எழுத்தைப் பார்த்தீர்களா மாஸ்டர்? காய் எப்படி நகரும் என்று கோப்பில் எழுதும் பெட்ஸா குறியீட்டில் சின்ன எழுத்து திசை, பெரிய எழுத்து காய். சின்ன பி என்றால் பின்னால், பெரிய பி என்றால் முழு மந்திரி. உங்கள் காய்க்கு சின்ன எஃப் பெரிய ஆர், சின்ன எஸ் பெரிய டபிள்யூ, சின்ன பி பெரிய எஃப் என்று வர வேண்டும்: முன்னால் யானை, பக்கத்தில் நேராக ஒரு கட்டம், பின்னால் குறுக்காக ஒரு கட்டம்.

நேரத்துக்குப் பதில் நகர்த்தலுக்கு இத்தனை கணுக்கள் (இன்ஜின் அலசும் நிலைகள்) என்று வரம்பு வையுங்கள். நம் ஊர்களில் காற்றும் மழையும் வந்தால் கரண்ட் போகும், லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நேரக் கணக்கில் ஓட்டினால் நள்ளிரவுக்குமேல் ஆடுவது வேறொரு பலவீனமான இன்ஜின்.

ஸ்டேல்மேட் விதியைத் தனியாக ஓட்டுங்கள். சேர்த்து ஓட்டினால் மாற்றம் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. 2020-ல் கூகுளின் டீப்மைண்ட் ஆட்கள் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்கோடு சேர்ந்து, தானே ஆடிக் கற்கும் தங்கள் ஆல்ஃபாஸீரோ நிரலை வைத்து ஒன்பது விதி மாற்றங்களைச் சோதித்தபோதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் ஓட்டினார்கள். ஸ்டேல்மேட்டை வெற்றியாக்கியதில் ஆட்டம் பெரிதாக மாறவில்லை. கேஸ்லிங்கை (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) எடுத்தபோதுதான் ராஜாவுக்கு நிம்மதி போனது. கேஸ்லிங் இல்லாத போட்டி ஒன்று அதே வருடம் ஜனவரியில் சென்னையில் நடந்தது.

என் சொந்தக் கருத்து, இன்ஜின் தருவது இன்ஜினின் பதில். எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் பாய்ந்து திரும்ப முடியாமல் மாட்டுகிற காய் வேறு மதிப்பு.

கோத்தகிரி_சிப்பாய்:

எழுத்து நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. கோப்பைச் சரிபார்க்கும் கட்டளையும் குறை சொல்லவில்லை.

இன்னொன்று கவனித்தேன், ஆட்டத்தின் முடிவுப் பகுதியில் தன் சிப்பாய் ஓடும்போது பின்னால் இதை நிறுத்தினால் அசல் யானைதான். நடு ஆட்டத்தில் முன்னால் சொந்தச் சிப்பாய் இருக்கும்வரை நகரவே மாட்டேன் என்கிறது.

குறுக்குமந்திரி:

அந்தக் கட்டளை வரி தப்பா என்று பார்க்கும், நீங்கள் நினைத்த காய்தானா என்று அதற்குத் தெரியாது. காலிப் பலகையில் டி-4-ல் காட்டெருமை, ஏ-1-ல் வெள்ளை ராஜா, எச்-7-ல் கறுப்பு ராஜா வைத்து நகர்த்தல்களை எண்ணச் சொல்லுங்கள். முன்னால் நாலு, பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு, ராஜாவுக்கு மூன்று. பதினொன்று வராவிட்டால் அதுவரை ஓட்டிய ஆட்டமெல்லாம் வேறு மிருகம்.

கொடைக்காரர் சொன்ன பிள்ளைகள் விஷயம் உண்மைதான், அதற்காக அளக்காமல் விட வேண்டியதில்லை. பில்லியர்ட்ஸ் மேஜையில் புதிதாகப் பந்துகளைச் சேர்த்துச் சேர்த்து வந்த ஸ்னூக்கருக்கு 1882-ல் விதிகளை ஒட்டிவைத்தது ஊட்டி கிளப்பில்தான் என்பார்கள். நீலகிரியில் உட்கார்ந்து விதி எழுதக் கூச்சப்படாதீர்கள்.

கோத்தகிரி_சிப்பாய்:

பதினொன்று வந்துவிட்டது. முதலில் ஒரு சிப்பாயைக் குறைத்து ஓட்டுகிறேன், அப்புறம் கலைத்த வரிசைகளோடு காட்டெருமை. இதற்குள் பசங்கள் கரடிக்கு விதி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கரடி மரம் ஏறுமாம், ஏறியிருக்கும்போது வெட்ட முடியாதாம். இதை எந்த எழுத்தில் எழுதுவது, யாருக்காவது தெரியுமா?