பெய்ன் போனார், போர்ட்டல் திறக்கிறது: எங்கள் 'கார்டினல்ஸ் வீட்டார்' குழுவில் நடந்த விவாதம்

13 மார்ச் 2024, புதன்

பெரிய மாமா, மாலை 5:42
எல்லோரும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். லூயிவில் பல்கலைக்கழகம் நம் கார்டினல்ஸ் ஆண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து கென்னி பெய்னை நீக்கிவிட்டது. நேற்று வாஷிங்டனில் என்.சி. ஸ்டேட்டிடம் (நார்த் கரோலினா ஸ்டேட்) 94-85 என்று தோற்றுத் திரும்பிய பிள்ளைகள் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள், அதற்குள் அறிக்கை வந்துவிட்டது. இரண்டு சீசன்களில் 12 வெற்றி, 52 தோல்வி என்ற கணக்கை வைத்துக்கொண்டு யாரும் அவருக்காக வாதாட முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. ஆனாலும் 1986இல் நம் பல்கலைக்குத் தேசியக் கோப்பை வென்ற அணியில் முதலாண்டு மாணவனாக இருந்த பையன், தன் சொந்த ஊர் மாதிரியான இடத்திலிருந்து இப்படித் தலைகுனிந்து போவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

தம்பி, மாலை 5:49
மாமா, அந்த 1986ஆம் ஆண்டுக் கோப்பையை இன்னும் எத்தனை பேருக்குச் சிபாரிசுக் கடிதமாக நீட்டப் போகிறோம்? நான் முதலாண்டு சேர்ந்தபோது அணிக்கு 4 வெற்றி, 28 தோல்வி; இரண்டாம் ஆண்டில் 8-24. என் அறைத் தோழனுக்கு மாணவர் டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தபோதுகூட, துணி துவைக்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டான்.

அத்தை, மாலை 5:53
அந்தப் பையனுக்கு நல்ல புத்தி இருக்கிறது.

நான், மாலை 6:04
தோல்வியை விட அது எப்படித் தொடங்கியது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2022 நவம்பரில் முதல் ஆட்டமே நம் ஊருக்குள் இருக்கும் பெல்லர்மைனுடன். இரண்டாம் டிவிஷனிலிருந்து 2020இல்தான் மேலே வந்த அந்தச் சின்னக் கல்லூரியிடம் 67-66 என்று தோற்றோம். அடுத்து ரைட் ஸ்டேட்டிடம் ஒரு புள்ளியில், அதற்கடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் ஒரு புள்ளியில் தோற்றோம். தொடர்ந்து மூன்று ஆட்டங்களை ஒரே ஒரு புள்ளியில் விட்டுவிட்டு, டிசம்பர் நடுவில் வெஸ்டர்ன் கென்டக்கியை வென்ற பிறகுதான் நமக்கு மூச்சு வந்தது. அதுவரை ஒன்பது தோல்விகள். மூன்றும் கைக்கெட்டியவை என்பதால் இது துரதிர்ஷ்டம் என்று அப்போது நான்கூட வாதாடினேன். அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க எல் எல்லிஸைத் தவிர உருப்படியான பாயின்ட் கார்டு எவரும் இல்லை என்பதைச் சீசன் பாதி முடிந்த பிறகுதான் நான் ஒப்புக்கொண்டேன். சமையலுக்கு அரிசி வாங்காமல் அடுப்பை மூட்டியவர் துரதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது.

சித்தப்பா, மாலை 6:15
சிகாகோவிலிருந்து அனுதாபங்கள். இந்தச் சீசனில் எங்கள் டிபால் பல்கலை அணி மொத்தமே மூன்று ஆட்டங்களில்தான் வென்றது. அந்த மூன்றில் ஒன்று உங்களுக்கு எதிராக என்பதை நான் நினைவூட்ட விரும்பவில்லை, ஆனால் நினைவூட்டாமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் கோச்சை ஜனவரியிலேயே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் மார்ச் வரை காத்திருந்தது பொறுமையா, சோம்பலா?

பெரிய மாமா, மாலை 6:21
மாப்பிள்ளை, உங்கள் பிக் ஈஸ்ட் லீக்கில் இருபது ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாதவர்கள் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அத்தை, மாலை 6:34
சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் கேட்கிறேன். தலைமைப் பயிற்சியாளராக ஒரு நாள்கூட இருந்திராத ஒருவரை, விதிமீறல் விசாரணைக் கமிட்டிகள் ஐந்து ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்த அணியின் தலையில் உட்கார வைத்தது யார்? 2017இல் பயிற்சியாளர் பிட்டினோ போனார், 2018இல் 2013ஆம் ஆண்டுக் கோப்பையையே பதிவேட்டிலிருந்து அழித்தார்கள், 2022 ஜனவரியில் பிறகு வந்த பயிற்சியாளர் கிறிஸ் மேக் சுமார் 48 லட்சம் டாலருடன் விடைபெற்றார். அந்த நிலையில் எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை இங்கே அனுப்பத் துணிவார்கள்? இந்தப் பல்கலையில் ஆண்கள் கூடைப்பந்துக்கு நிரந்தரமாக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர் என்பதையும், எரிந்துகொண்டிருந்த வீட்டின் சாவியைத்தான் அவர் கையில் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே நான் பார்க்கிறேன். இப்போது அவரை அனுப்புவதற்கு இன்னொரு 80 லட்சம் டாலர் அளவில் செலவு. தவறு செய்தவர்கள் அலுவலக அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், சம்பளம் வாங்கியவர் மட்டும் வெளியே.

நான், மாலை 6:52
அத்தை, வீடு எரிந்தது உண்மை. ஆனால் அவர் பொறுப்பேற்று எட்டு மாதத்தில், 2022 நவம்பர் 3ஆம் தேதி, அந்த விசாரணையின் தீர்ப்பு வந்தது: சீசன் முடிவுத் தொடர்களில் ஆடத் தடை இல்லை, 5,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் காலமும்தான் தண்டனை. மேகம் அன்றே விலகிவிட்டது. அதற்கு முன்பே, டி.ஜே. வாக்னர் என்ற பையனை எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்று, அவனுடைய தாத்தாவும் 1986 அணியில் பெய்னுடன் ஆடியவருமான மில்ட் வாக்னரைப் பயிற்சிக் குழுவோடு வேலைக்கே சேர்த்திருந்தார்கள். தீர்ப்பு வந்து பதினொரு நாளில் அந்தப் பையன் கென்டக்கியைத் தேர்ந்தெடுத்தான். தாத்தா நம் பக்கம், பேரன் எதிரி வீட்டில்.

பெய்ன் பயிற்சி நுணுக்கத்தில் கெட்டிக்காரர் என்று யாரும் அவரைக் கொண்டுவரவில்லை. கென்டக்கியில் பயிற்சியாளர் காலிபாரிக்குப் பக்கத்தில் பத்து ஆண்டுகள் உட்கார்ந்து, அந்த அணிக்கு நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்தவர் என்பதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். எதற்காக அழைத்து வந்தார்களோ அதிலேயே அவர் தோற்றார் என்பதுதான் என் கட்சி. கென்டக்கியில் அவர் ஆள் சேர்த்தபோது அந்தக் கடையின் பெயர்ப்பலகையே பாதி வேலையைச் செய்தது. இங்கே பலகை கழன்று தொங்கியது, அதை மாட்டும் வேலையும் அவருடையதே என்பதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தம்பி, மாலை 7:01
அக்கா, டிரென்டின் ஃபிளவர்ஸை விட்டுவிட்டீர்கள். சென்ற கோடையில் நம்முடன் சேர்ந்துவிட்டான் என்று கொண்டாடினோம், ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அணிக்குத் தொழில்முறையாக ஆடப் போய்விட்டான். என் சட்டை ஒன்றில் அவனுடைய எண்ணை அச்சடிக்கக் கொடுத்திருந்தேன்.

சித்தப்பா, மாலை 7:03
அந்தச் சட்டையை எனக்கு அனுப்பு, டிபாலில் யாராவது அந்த எண்ணில் இருப்பார்கள்.

பெரிய மாமா, இரவு 8:10
சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது என் பக்கத்தையும் கேளுங்கள். பேலர் பல்கலையில் பயிற்சியாளர் ஸ்காட் ட்ரூ 2003இல் பொறுப்பேற்றபோது நம்மை விடக் கேவலமான நிலை. முதல் தடவை தேசியத் தொடருக்குப் போவதற்கே 2008 வரை ஆனது, 2021இல் கோப்பையை வென்றார். அங்கே பதினெட்டு ஆண்டுகள் பொறுத்தார்கள், இங்கே இரண்டாண்டுகூடப் பொறுக்கவில்லை. 'மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், டைட்டானிக் கப்பலில் யார் ஏறுகிறார்கள், யார் குதிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன் என்று வந்த அன்றே சொன்னேன்' என்று பெய்ன் நேற்றுப் பேசியதை நான் முழுதும் கேட்டேன். அதில் நியாயமே இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

தம்பி, இரவு 8:14
மாமா, தன் அணியைத் தானே டைட்டானிக் என்று சொல்லும் கேப்டனிடம் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

நான், இரவு 8:31
மாமா, பேலர் உதாரணத்தை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்த ஸ்காட் ட்ரூவின் உதவியாளராக இருந்த ஜெரோம் டாங், பெய்ன் இங்கே வந்த அதே 2022 மார்ச்சில் கேன்சஸ் ஸ்டேட்டுக்குப் போனார். அவருக்கும் அதுதான் முதல் தலைமைப் பொறுப்பு. அங்கே அணியில் உதவித்தொகையோடு மிச்சம் இருந்தவர்கள் இரண்டே பேர். அவர் அழவில்லை, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலைத் திறந்து பார்த்தார். ஃபுளோரிடாவில் மைதானத்திலேயே மயங்கி விழுந்து இரண்டாண்டாக ஆடாமல் இருந்த கியான்டே ஜான்சனை அழைத்து வந்தார், அங்கேயே இருந்த ஐந்தடி எட்டங்குல மார்க்விஸ் நோவெல் கையில் பந்தைக் கொடுத்தார், ஓராண்டு முடிவதற்குள் 26 வெற்றிகளோடு தேசியத் தொடரின் கடைசி எட்டு அணிகளுக்குள் நின்றார். அதே ஆண்டு நாம் 4-28.

2003இல் ஒரு மாணவன் கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது, அதனால் அணி கட்டப் பொறுமை வேண்டும் என்பது சரி. 2021க்குப் பிறகு மாறிய ஆண்டே ஆடலாம், அதே ஆண்டு ஜூலையிலிருந்து தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவன் பணமும் சம்பாதிக்கலாம். இப்போது ஒரு பயிற்சியாளரின் வேலை விதை விதைத்து மரம் வளர்ப்பது இல்லை. ஏப்ரல், மே என்ற இரண்டு மாதங்களில் சந்தைக்குப் போய், எந்தப் பையன் எந்தப் பையனுக்குப் பந்து கொடுப்பான் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குவது. பெய்ன் உயரமானவர்களை வாங்கினார், பெயருள்ளவர்களை வாங்கினார், அவர்கள் ஐவரும் சேர்ந்தால் என்ன ஆட்டம் ஆடுவார்கள் என்று கடைசிவரை நமக்குத் தெரியவில்லை. அக்டோபரில் காட்சி ஆட்டத்தில் கென்டக்கி வெஸ்லியன் என்ற இரண்டாம் டிவிஷன் அணியிடம் தோற்றபோதே அது வெளிச்சமாகிவிட்டது.

பெரிய மாமா, இரவு 8:50
டாங் கதை எனக்குத் தெரியாது, மருமகளே. யோசித்துப் பார்க்கிறேன்.

அத்தை, இரவு 8:52
முப்பது ஆண்டில் அவர் யோசித்துப் பார்க்கிறேன் என்று சொன்னது இது இரண்டாவது தடவை. இந்தச் செய்தியை யாரும் அழிக்க வேண்டாம்.

பெரிய மாமா, இரவு 9:17
யோசித்தேன். டிசம்பரில் ஆர்கன்சஸ் ஸ்டேட்டிடம் 75-63 என்று தோற்ற இரவு நினைவுக்கு வந்தது. 22,000 பேர் உட்காரும் யம் சென்டரில், நம் வரிசையின் பன்னிரண்டு இருக்கைகளில் நானும் மருமகளும் மட்டும் இருந்தோம். முன்வரிசையில் எப்போதும் உட்காரும் அந்தப் பெரியவர், பழைய அரங்கமான ஃப்ரீடம் ஹால் காலத்திலிருந்து வருகிறவர், 1986 கோப்பையின் பயிற்சியாளர் டென்னி கிரம் மே மாதம் இறந்தபோது கண்ணீர் விட்டவர், ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது எழுந்து, மடித்து வைத்த சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துக் கையில் பிடித்தபடி படியேறிப் போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பெய்னை நீக்கியது சரி என்று அறிவு சொல்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

17 மார்ச் 2024, ஞாயிறு

தம்பி, காலை 9:20
நம்மைச் செவ்வாய்க்கிழமை தோற்கடித்த என்.சி. ஸ்டேட், ஐந்து நாளில் ஐந்தாவது ஆட்டத்தையும் வென்று, நேற்று நார்த் கரோலினாவை 84-76 என்று முடித்து நம் லீக்கான ஏ.சி.சி.யின் கோப்பையை எடுத்துக்கொண்டது. பத்தாம் இடத்திலிருந்து வந்த அணி. கோச் கெவின் கீட்ஸ் வேலையே ஆட்டம் கண்டிருந்தது என்றார்கள்.

நான், காலை 9:36
கீட்ஸ் 2013 அணியில் பிட்டினோவின் உதவியாளராக நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். ஐந்து நாளில் ஒரு கோச் நல்லவராகிவிட மாட்டார், ஆனால் ஐந்து நாளில் அவருடைய வேலை காப்பாற்றப்பட்டுவிடும். இதனால்தான் நான் வெற்றிக் கணக்கை விட, தோற்கும்போது அணி எப்படி ஆடியது என்பதைப் பார்க்கிறேன். நாளை போர்ட்டல் திறக்கிறது, நமக்கோ கோச்சே இல்லை என்பதுதான் இப்போதைய கவலை.

சித்தப்பா, காலை 9:41
எங்களுக்குக் கிறிஸ் ஹோல்ட்மன் வந்துவிட்டார். வியாழக்கிழமையே அறிவித்தார்கள். சொல்லி வைத்தேன்.

28 மார்ச் 2024, வியாழன்

தம்பி, காலை 10:05
நம் புதுக் கோச் பாட் கெல்சி. சார்ல்ஸ்டன் கல்லூரியிலிருந்து. உறுதி.

அத்தை, காலை 10:12
கோச் டஸ்டி மே மிச்சிகன் பல்கலைக்குப் போன பிறகு மிஞ்சியவரா? இவர் சேவியர் பல்கலையில் கிறிஸ் மேக்கின் கீழ் வேலை பார்த்தவர் என்று படித்தேன். அதே குடும்பத்தில் இன்னொரு சம்பந்தமா?

நான், காலை 10:40
மிஞ்சியவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அத்தை, எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது. வின்த்ராப் பல்கலையில் ஒன்பது ஆண்டுகள், சார்ல்ஸ்டனில் மூன்று; சென்ற சீசனில் 31 வெற்றி, இந்தச் சீசனில் 27. பெரிய பெயர்ப்பலகை இல்லாத கடையில், வருடா வருடம் ஆள் போய்க்கொண்டே இருக்க, புது ஆட்களை வைத்து ஒரே மாதிரியான ஆட்டத்தை ஆட வைத்திருக்கிறார்: வேகம், மூன்று புள்ளி எறிதல், பெஞ்சிலிருந்து பத்துப் பேர். போன வெள்ளி அலபாமாவிடம் 109-96 என்று தோற்றார், ஆனால் 96 போட்டுவிட்டுத் தோற்றார். ஐந்து நட்சத்திரத் தரம் கொடுக்கப்பட்ட பள்ளிப் பையனை இவரால் கொண்டுவர முடியுமா என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்று நட்சத்திரப் பையன்கள் எட்டுப் பேரை ஒன்றாக ஓட வைக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுச் சான்று இருக்கிறது.

தம்பி, காலை 10:44
இருக்கிற பையன்களில் ஒருவராவது தங்குவார்களா என்பதே சந்தேகம். முழு அணியையும் புதிதாக வாங்க வேண்டி வரலாம்.

நான், காலை 10:46
வரட்டும். டாங்குக்கு இரண்டு பேர் இருந்தார்கள், இவருக்கு யாரும் இல்லாமல் போனால் கணக்குப் பார்க்க எளிது.

சித்தப்பா, காலை 10:58
மச்சான், சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டீர்களா?

பெரிய மாமா, காலை 11:20
அவசரப்படாதீர்கள், மாப்பிள்ளை. இதே கெல்சி 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, அறிமுகக் கூட்டத்துக்கு நாற்காலிகள் போட்டு முடித்த பிறகு, மனம் மாறிவிட்டது என்று வின்த்ராப்புக்கே திரும்பிவிட்டவர். அவர் நம் ஊரில் மைக்கைப் பிடித்து, சிவப்பு டை கட்டிப் பேசி முடிக்கும் வரை என் கிரெடிட் கார்டு சட்டைப்பையிலேயே இருக்கும்.

அத்தை, காலை 11:23
கார்டு மேசை மேல் இருக்கிறது. மடிக்கணினியும் திறந்திருக்கிறது.