மறு: ஒலி மென்பொருளில் 'சிங்க்': தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸில் நிரல்களின் ஒலியை ஸ்பீக்கர், மைக் போன்ற சாதனங்களோடு இணைக்கும் பல்ஸ்ஆடியோ மென்பொருளின் தமிழாக்க வரைவில், 'சிங்க்' (sink) என்பதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்பதுதான் பேச்சு.

> 'சிங்க்' என்றால் ஒலி வெளியே போகிற இடம். 'வெளியீடு' என்றே போட்டுவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, பொத்தானிலும் தலைப்பிலும் மட்டும் வருகிற சொல்லாக இருந்தால் 'வெளியீடு' போதும். ஒலியைக் கட்டுப்படுத்தும் பாவுகண்ட்ரோல் சாளரத்தில் 'வெளியீட்டுச் சாதனங்கள்', 'உள்ளீட்டுச் சாதனங்கள்' என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. சிக்கல் அதற்கு அடியில் இருக்கிறது. பாட்டு ஓடும்போது, பாடும் நிரலிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒலி ஓடையைப் பல்ஸ்ஆடியோ 'சிங்க் இன்புட்' என்கிறது. மைக்கிலிருந்து பதிவு செய்யும் நிரலுக்கு வருகிற ஓடை 'சோர்ஸ் அவுட்புட்'. உங்கள் சொல்லைப் பொருத்திப் பாருங்கள்: முன்னது 'வெளியீட்டு உள்ளீடு', பின்னது 'உள்ளீட்டு வெளியீடு'. பல்ஸ்ஆடியோவின் நிலையைக் காட்டும் பேக்டிஎல் (pactl) கட்டளை தருகிற பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வரும். படிப்பவருக்குத் தலை சுற்றும்.

இன்னொன்று. ஒவ்வொரு சிங்க்குக்கும் 'மானிட்டர்' என்று ஒரு சோர்ஸ், அதாவது ஒலி கிளம்பும் இடம், கூடவே பிறக்கிறது. ஸ்பீக்கரில் ஓடுவதை அப்படியே ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் பதிவு செய்ய அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். வெளியே போவதிலிருந்து உள்ளே வருவது! வெளி, உள் என்ற கணக்கு இங்கே நிற்காது. எது கொடுக்கிறது, எது பெறுகிறது என்பதுதான் இந்த மென்பொருளின் கணக்கு.

> அப்படியானால் 'ஏற்பி' அல்லது 'ஒலிகொள்ளி'?

'கொள்ளி' வேண்டவே வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏற்பி' நல்ல சொல்தான், ஆனால் மைக்குக்கு நாம் 'ஒலிவாங்கி' என்கிறோம். வாங்குவதும் ஏற்பதும் ஏறக்குறைய ஒன்று. ஒலியேற்பி என்று திரையில் பார்க்கிறவர் பத்துக்கு ஒன்பது பேர் மைக்கைத்தான் நினைப்பார்கள். நமக்கு வேண்டியதோ நேர் எதிர்முனை.

வரைவுக் கோப்பில் இப்போது கிடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: ஓரிடத்தில் 'மூழ்கு', இன்னோரிடத்தில் 'கழுவுதொட்டி'. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். மொழிபெயர்க்க வேண்டிய சொற்கள் வரிசையாக நிற்கும் பிஓ கோப்பில் அந்த ஒற்றைச் சொல் எந்தச் சூழலும் இல்லாமல் வந்து நின்றால் யாராக இருந்தாலும் அகராதியைத்தான் புரட்டுவார்கள்.

என் பரிந்துரை: சிங்க் = சேரிடம். ஒலி போய்ச் சேருகிற இடம். 'சேரிடம் அறிந்து சேர்' என்று ஆத்திசூடியில் எல்லோரும் சின்ன வயதிலேயே படித்த சொல், புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சோர்ஸுக்கு ஏற்கெனவே புழங்கும் 'மூலம்' இருக்கட்டும். தனியாக நின்றால் நோயை நினைவூட்டும் என்பவர்களுக்காக 'ஒலிமூலம்' என்று சேர்த்தே எழுதுவோம். இனி 'சேரிட உள்ளீடு', 'ஒலிமூல வெளியீடு' என்று சொல்லிப் பாருங்கள். முரண் போய்விடுகிறது.

நடைமுறையில் இது எங்கே உதவும்? லினக்ஸை நிறுவியதும் 'சத்தமே வரவில்லை' என்று வருகிற கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கி ஏறியிருக்கும், ஏபிளே கட்டளை தரும் பட்டியலில் ஒலி அட்டையும் தெரியும். ஆனால் பல கணினிகளில் ஒலி அட்டைகள் இரண்டு: தாய்ப்பலகையில் ஒன்று, எச்டிஎம்ஐ வழியாகத் திரைக்கு ஒலி அனுப்ப இன்னொன்று. பாட்டு ஸ்பீக்கரே இல்லாத திரைக்குப் போய்க்கொண்டிருக்கும். அவரிடம் 'இயல்பு வெளியீட்டை மாற்றுங்கள்' என்றால் ஒலியளவைக் கூட்டிப் பார்ப்பார். 'இயல்புச் சேரிடத்தை மாற்றுங்கள்' என்றால், ஒலி வேறெங்கோ போகிறது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அது சரியாக இருந்தும் சத்தம் வராவிட்டால், முனையத்தில் ஒலியளவைச் சரிசெய்யும் ஆல்சாமிக்சரைத் திறக்க வேண்டும். எஃப்6 அழுத்தி அட்டையைத் தேர்ந்தால் 'மாஸ்டர்' பட்டையின் கீழே இரண்டு எம் எழுத்துகள் நிற்கும். எம் விசையைத் தட்டினால் அவை இரண்டு சுழியாக மாறும், ஒலி திறந்துகொள்ளும். புதிதாக ஏற்றிய ஆல்சா (லினக்ஸ் கெர்னலின் ஒலி அடுக்கு) இயக்கியில் தடங்கள் பெரும்பாலும் இப்படி அடைத்தே இருக்கும். இந்த 'மியூட்'டுக்கு வரைவில் 'ஊமை' என்றிருக்கிறது. மனிதரைக் குறிக்கும் சொல்லை விசைக்கு வைக்க வேண்டாம். 'ஒலியடக்கு' போதும்.

> அட்டையே இல்லாத காலத்தில் 'ஒலி அட்டை' எதற்கு?

1989இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தபோது அது உண்மையிலேயே செருகுகிற அட்டை. இன்று தாய்ப்பலகையில் ஒட்டிய சில்லு, அல்லது விரல் நீள யூஎஸ்பி குச்சி. ஆனாலும் ஆல்சா அதை இன்னும் 'கார்டு 0', 'கார்டு 1' என்றுதான் எண்ணுகிறது. நாமும் அட்டை என்றே விட்டுவிடலாம். இதில் நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை.

பல்ஸ்ஆடியோவுக்கு மாற்றாகப் பைப்வயர் வந்துவிட்டதே, பல்ஸ்ஆடியோ சொற்கள் இனி தேவையா என்று கேட்டவருக்கு: தேவை. ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பில், 2021இலேயே, பைப்வயர் இயல்பானது. ஆனால் பழைய நிரல்களோடு பேசப் பல்ஸ்ஆடியோவின் வாயைத்தான் அது போட்டுக்கொள்கிறது. அதன் சொந்த வகைப்பாட்டிலும் சிங்க், சோர்ஸ் இரண்டும் உண்டு.

மிச்சமிருப்பது 'நல் சிங்க்' (null sink). ஒலியைப் பெற்று, எங்கும் ஒலிக்காமல் விட்டுவிடுகிற போலிச் சாதனம். 'வெற்றுச் சேரிடம்' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் காலியாக இருக்கும் சேரிடம் என்று தப்பாகப் படிக்க வாய்ப்பிருக்கிறது. 'பாழ்ச் சேரிடம்' என்றால் கொஞ்சம் கடுமையாகப் படுகிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கோப்பைச் சேர்த்துவிடுகிறேன்.