புதுப்பிப்பு: ரம் சாக்லேட் உருண்டை இறுகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, கிறிஸ்துமஸ் விருந்துக்குச் செய்து பார்த்த ரம் சாக்லேட் உருண்டை மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் வெக்கையில் இறுகாமல் களிம்பு மாதிரி நிற்கிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ரம்மை ஊற்றாமல் உலர் திராட்சையை அதில் ஊறவைக்கச் சொன்ன யோசனைதான். முதல் தடவை 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 200 மில்லி கிரீம், அதற்கு மேல் அரை டம்ளர் ரம். எப்படி இறுகும்? இந்தத் தடவை கிரீமை 100 மில்லியாகக் குறைத்தேன். ராத்திரி முழுக்க ஊறிய திராட்சையை வடிகட்டி, பொடியாக நறுக்கி, கலவை வெதுவெதுப்புக்கு வந்ததும் சேர்த்தேன். அப்புறம் மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில். கரண்டியால் வழித்தபோது அழகாகச் சுருண்டு வந்தது.

ஃப்ரீசரில் வைக்கச் சொன்ன இன்னொரு யோசனை எனக்குச் சரிவரவில்லை. வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடமே வியர்த்து, மேலே தூவிய கோகோ பவுடர் சேறாகிவிட்டது. குளுகுளுவென்ற க்யூர்பீப் மேட்டில் இருக்கும் அண்ணிக்கு வேண்டுமானால் பலிக்கலாம்.

எதிர்பாராதது ஒன்று: மறுநாள் ரம் வாசனை இன்னும் தூக்கலாக இருந்தது. பிள்ளைகளுக்குத் தனியாக ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்த திராட்சை போட்டுச் செய்து, தேங்காய்த்துருவலில் புரட்டினேன், பார்த்ததும் வித்தியாசம் தெரியட்டும் என்று. வடிகட்டிய ரம்? அது மாமா கணக்கில் போய்விட்டது.