ஃப்ளெக்ஸ் கேப்பும் பழைய சஃபாரியும்: எதுவரை தாங்கிப் பிடிக்க வேண்டும்?

வைகைக்கரை:
ஒரு கூட்டுறவுச் சங்கத்திற்காக நான் பராமரிக்கும் பக்கத்தில், படிவத்தின் அடியில் ‘சமர்ப்பி’, ‘அழி’ என்ற இரு பொத்தான்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றுக்கு இடையே 16 பிக்சல் இடைவெளியை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில், உள்ளவற்றை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் பெட்டியின் கேப் (இடைவெளி) பண்பால் கொடுத்திருக்கிறேன். புதிய உலாவிகளில் சரியாக வருகிறது. ஐபோன் 6-இல் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதே போனில் குரோமை நிறுவிப் பார்த்தும் மாற்றமில்லை. கேப் உண்டா என்று, உலாவிக்கு ஒரு பண்பு தெரியுமா எனக் கேட்கும் சப்போர்ட்ஸ் விதியால் சோதித்து, இல்லாத இடத்தில் மார்ஜின் (பெட்டியைச் சுற்றி விடும் வெளியிடம்) கொடுக்க முயன்றேன். அந்த விதி ‘உண்டு’ என்றே விடை தருகிறது. இதற்கு மேல், சிறிய திரையில் அறிவிப்புப் பெட்டி வலப்புறம் பிதுங்கிப் பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகர்கிறது. சரிசெய்வதா, பழைய போனைக் கைவிடுவதா?

நிரலி:
கைவிடுங்கள் என்பதே என் கருத்து. ஐபோன் 6 ஐஓஎஸ் 12-க்கு மேல் போகாது. சஃபாரி இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுவதால் அதன் உலாவியும் அங்கேயே நின்றுவிட்டது. குரோமை நிறுவியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம், அந்த போனில் எந்த உலாவியும் பக்கத்தை வரைந்து காட்ட ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்பதே. ஃப்ளெக்சில் கேப் வசதி 2020-இல் குரோம் 84-லும், 2021 ஏப்ரலில் சஃபாரி 14.1-லும் வந்துவிட்டது. இன்னமும் அதற்கு முந்தைய உலாவிகளுக்காக மாற்று வழி எழுதினால், அடுத்து வருபவர் காரணம் தெரியாமல் அதைச் சுமந்துகொண்டே இருப்பார்.

கட்டுமரம்:
நிரலி சொன்ன ஆண்டுகள் சரி, முடிவு சரியில்லை. நிழலோ வளைந்த ஓரமோ பழைய உலாவியில் வராமல் போனால் நானும் கவலைப்பட மாட்டேன். இங்கே தொலைந்திருப்பது ‘சமர்ப்பி’க்கும் ‘அழி’க்கும் நடுவிலுள்ள இடம். படிவத்தை முழுவதும் நிரப்பிய ஒருவரின் விரல் சற்றே விலகினால், அத்தனையும் போய்விடும். இதைத் தோற்றக் குறை என்று நான் ஏற்க மாட்டேன்.

சப்போர்ட்ஸ் விதி பொய் சொல்லவும் இல்லை. கேப் என்ற பண்பை, கட்டங்களாக அடுக்கும் க்ரிட் முறைக்காக அந்த சஃபாரி ஏற்கெனவே அறிந்திருக்கிறது; ஃப்ளெக்சில் அது வேலை செய்யுமா என்று தனியாகக் கேட்பதற்கு அந்த விதியில் வழியில்லை.

நிரலி:
அப்படியானால் அகல-உயர விகிதத்தைக் குறிக்கும் ஆஸ்பெக்ட்-ரேஷியோ என்ற பண்பு உண்டா என்று கேட்கலாமே? அது குரோம் 88, சஃபாரி 15 ஆகியவற்றில்தான் வந்தது. அதை அறிந்த உலாவி எதுவும் ஃப்ளெக்ஸ் கேப்பையும் அறிந்திருக்கும். தாங்கிப் பிடித்தே தீர வேண்டும் என்றால், இது மூன்று வரியில் முடிந்துவிடும்.

கட்டுமரம்:
இன்றைக்கு வேலை செய்யும். ஆனால் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை ஊகிக்கும் வரியைத்தான் பின்னால் வருபவர் புரியாமல் சுமப்பார். எதையும் சோதிக்கத் தேவையில்லாத வழி இருக்கிறது. பொத்தான்களின் பெட்டியை க்ரிட்டாக மாற்றி, க்ரிட்-கேப் என்ற பழைய பெயரிலேயே 16 பிக்சல் கொடுங்கள். 2017 மார்ச்சில் வெளிவந்த சஃபாரி 10.1 முதல் அது உண்டு. புதிய உலாவிகளும் அந்தப் பெயரை இன்றுவரை ஏற்கின்றன.

செங்காந்தள்:
இருவரும் தொடாத பிதுங்கலைப் பற்றிச் சொல்கிறேன். அது பழைய போனின் குற்றமே அல்ல. புதிய குரோமில் பக்கத்தின் அகலத்தை 320 பிக்சலாக வைத்துப் பார்த்தாலும் வரும். ஃப்ளெக்சின் உள்ளே இருக்கும் பெட்டிக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாக ஆட்டோ என்று இருப்பதால், தன்னுள் இருக்கும் மிக நீண்ட சொல்லின் அகலத்துக்குக் கீழே அது சுருங்க மறுக்கும். ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான’ என்ற ஒரே சொல் பெரிய எழுத்தில் தலைப்பாக வந்தால் போதும். ஆங்கில வாசகத்தை வைத்து வடிவமைத்துவிட்டுப் பிறகு தமிழை இடும் பக்கங்களில் இது கட்டாயம் தலைகாட்டும்.

நீண்ட சொல்லை உடைத்து மடக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் பண்புக்கு பிரேக்-வேர்ட் என்ற மதிப்பை மட்டும் கொடுத்தால் பெட்டி சுருங்காது, ஏனென்றால் அந்த மதிப்பு குறைந்தபட்ச அகலக் கணக்கில் சேர்வதில்லை. எனிவேர் என்ற மதிப்பு சேரும். ஆனால் சஃபாரியில் அது 15.4-இல்தான் வந்தது. ஆகவே அந்தப் பெட்டிக்கு மின்-விட்த் சுழியம் என்று கொடுத்து, அதனோடு பிரேக்-வேர்டையும் சேருங்கள். இரண்டும் ஐஓஎஸ் 12-இலும் வேலை செய்யும்.

வைகைக்கரை:
பிதுங்கல் உடனே நின்றுவிட்டது, செங்காந்தளுக்கு நன்றி. பொத்தான்களும் க்ரிட்டில் சரியாகிவிட்டன. ஆனால் மேலே குறிச்சொல் இணைப்புகளின் வரிசை ஒன்றும் உள்ளது; அதையும் அப்படியே மாற்றலாமா?

நிரலி:
பொத்தான்களுக்குக் க்ரிட் பொருந்தும் என்பதை ஏற்கிறேன். குறிச்சொல் வரிசைக்கு அது ஒத்துவராது. ‘கடன்’ ஒரு அகலம், ‘உறுப்பினர் சேர்க்கை’ வேறொரு அகலம். எத்தனை கட்டங்கள் கொள்ளும் என்று தானே கணக்கிடும் க்ரிட்டின் ஆட்டோ-ஃபிட் நிலையான அகலம் ஒன்றைக் கேட்கும், அந்தந்தச் சொல்லின் அளவுக்கு ஏற்ப மடங்காது. அங்கே ஃப்ளெக்ஸ் கேப்பே இருக்கட்டும். பழைய போனில் ஒட்டினால் ஒட்டட்டும்.

கட்டுமரம்:
க்ரிட் அங்கே பொருந்தாது என்பது உண்மை. ஒட்டட்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். அவையும் விரலால் தொடும் இணைப்புகளே. கேப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் வலப்புறமும் அடியிலும் 8 பிக்சல் மார்ஜின் கொடுங்கள். பெற்றோர் பெட்டிக்கு எதிர்மறை மார்ஜின் வேண்டாம். திரையின் ஓரத்தைத் தொடும் பெட்டியாக இருந்தால் இப்போது நின்ற பக்கவாட்டு நகர்வு மறுபடியும் வந்துவிடும். வரிசையின் கடைசியில் 8 பிக்சல் மிஞ்சுவதால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை.