எண்டிட்டி அன்லோட் ஆவதை மாடில் எப்படிப் பிடிப்பது?

ஓநாய்ப்பட்டி:
மைன்கிராஃப்ட் விளையாட்டு 1.20.1, ஃபேப்ரிக் (மாட் எனும் கூடுதல் நிரல்களை ஏற்றும் கருவி). லோட் ஆகும் ஒவ்வொரு மிருகத்துக்கும் என் மாட் ஒரு ‘பயக் கணக்கு’ திறக்கும். யார் அடித்தார்கள் என்று அதில் எழுதி வைக்கும். அடித்தவர் கிட்டே வந்தால் மிருகம் ஓடும். எண்டிட்டியையே (மிருகம், பிளேயர் போன்ற ஒவ்வொன்றையும் குறிக்கும் ஆப்ஜெக்ட்) கீயாக வைத்து ஒரு ஸ்டாட்டிக் ஹேஷ்மேப். செத்தால் நீக்கிவிடுகிறேன். ஆனாலும் எலிட்ரா இறக்கையில் பறந்து சுற்றினால் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. சங்க் (உலகத்தின் ஒரு துண்டு) மெமரியிலிருந்து அன்லோட் ஆகும் நிகழ்வில் நீக்கினால் சரியாகுமா?

பழைய பிக்காக்ஸ்:
சங்க் நிகழ்வை நம்ப வேண்டாம். 1.17 முதல் எண்டிட்டிகள் சங்க்கோடு சேர்ந்து சேமிக்கப்படுவதில்லை, உலக ஃபோல்டருக்குள் அவற்றுக்கென்று தனி ஃபோல்டர் இருக்கிறது. ஃபேப்ரிக் ஏபிஐயின் ‘சர்வர் எண்டிட்டி ஈவன்ட்ஸ்’ வகுப்பில் எண்டிட்டி அன்லோட் என்றே ஒரு நிகழ்வு உண்டு, அதைப் பிடியுங்கள். நியோஃபோர்ஜில் (ஃபேப்ரிக் போன்ற இன்னொரு கருவி) எழுதுபவர்களுக்கு ‘எண்டிட்டி லீவ் லெவல் ஈவன்ட்’.

நீங்கள் பறந்து போனதும் உங்கள் ஆடு சாகவில்லை, டிஸ்க்குக்குப் போகிறது. திரும்பி வந்தால் அதே யூயூஐடியோடு (மாறாத அடையாள எண்) வேறொரு ஆப்ஜெக்டாக எழுந்து வரும். பழையது உங்கள் மேப்பிலேயே குடியிருக்கும். சிங்கிள்பிளேயரில் இன்னும் மோசம்: ஒவ்வொரு எண்டிட்டியும் தன் உலகத்துக்கு ஒரு ரெஃபரன்ஸ் வைத்திருக்கிறது. மெயின் மெனுவுக்கு வந்த பிறகும் ஒரே ஒரு ஆட்டால் பழைய உலகம் முழுவதும் ஹீப்பில் (ஜாவாவின் மெமரியில்) கிடக்கும்.

ஓநாய்ப்பட்டி:
நன்றி அண்ணா. அந்த நிகழ்வில் ரிமூவல் ரீசனை (நீக்கப்பட்ட காரணத்தை) அச்சிட்டுப் பார்த்தேன். கொன்றால் ‘கில்ட்’ வருகிறது. தூரமாகப் போனால் ‘அன்லோடட் டு சங்க்’ வர வேண்டாமா? ஆனால் நல் (எதுவும் இல்லை என்ற மதிப்பு) வருகிறது.

பழைய பிக்காக்ஸ்:
அது பக் இல்லை. சங்க் எட்டாத நிலைக்குப் போனதுமே விளையாட்டு எண்டிட்டியைக் கண்காணிப்பதை நிறுத்திவிடும். ஃபேப்ரிக் நிகழ்வு வருவது அப்போதுதான். டிஸ்க்கில் எழுதி நிஜமாக நீக்குவது அதற்குப் பிறகு. இடையில் நீங்கள் திரும்பி வந்துவிட்டால் அதே ஆப்ஜெக்டுக்கு லோட் நிகழ்வு மறுபடி வரும். ஆகவே காரணம் பார்த்துக் கிளை பிரிக்காதீர்கள். அன்லோடா, நீக்கு. லோடா, கணக்கு இல்லையென்றால் திற.

சிவப்புக்கல்:
இவ்வளவு எதுக்கு ப்ரோ, வீக்ஹேஷ்மேப் (கீயைப் பிடிச்சு வைக்காத மேப்) போட்டா ஜிசியே (யாரும் பிடிக்காத ஆப்ஜெக்டை நீக்கும் ஜாவா வசதி) பார்த்துக்குமே.

பழைய பிக்காக்ஸ்:
பார்த்துக்கொள்ளாது. பயக் கணக்குக்குள் அந்த ஆட்டுக்கே ஒரு ஃபீல்டு இருந்தால் வேல்யூ கீயைப் பிடித்துக்கொள்ளும், எதுவும் விடுபடாது. இன்னொன்று: எண்டிட்டியின் ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு இரண்டும் வெறும் ஐடி எண்ணைத்தான் (யூயூஐடியை அல்ல) பார்க்கின்றன. சிங்கிள்பிளேயரில் சர்வர் ஆட்டுக்கும் கிளையன்ட் ஆட்டுக்கும் ஒரே ஐடி. ஒரே மேப்பை இரண்டு த்ரெட்டும் தொட்டால் கணக்கு கலந்துவிடும். வீக் கீதான் வேண்டுமென்றால் குவாவா நூலகத்தின் மேப்மேக்கர் பரவாயில்லை, அது ஆப்ஜெக்டின் அடையாளத்தை ஒப்பிடும்.

என்னைக் கேட்டால் மேப்பே வேண்டாம். மிக்சின் (விளையாட்டின் வகுப்புக்குள் நம் நிரலைச் செருகும் முறை) போட்டு எண்டிட்டிக்குள்ளேயே ஒரு ஃபீல்டு சேருங்கள். ஆடு போனால் கணக்கும் கூடவே போகும். டிஸ்க்கிலும் நிற்க வேண்டுமென்றால் என்பிடியில் (விளையாட்டு சேமிக்கும் தரவு வடிவம்) யூயூஐடிகளை எழுதுங்கள், அடித்தவரின் பிளேயர் ஆப்ஜெக்டை எங்கும் வைக்காதீர்கள். செத்து ரீஸ்பான் ஆனால் அது வேறு ஆப்ஜெக்ட்.

ஓநாய்ப்பட்டி:
மிக்சினுக்கு மாற்றிவிட்டேன். உலகத்தை விட்டு வெளியே வந்து விஷுவல்விஎம் கருவியில் ஹீப் டம்ப் (மெமரியின் நகல்) எடுத்தால் செம்மறி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு சர்வர் பிளேயர் மட்டும் மிச்சம் இருக்கிறது.

பழைய பிக்காக்ஸ்:
அதன் ஜிசி ரூட் (அதை விடாமல் பிடிக்கும் ரெஃபரன்ஸ் சங்கிலியின் தொடக்கம்) எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் வகுப்பில் ‘கடைசியாக அடித்தவர்’ மாதிரி ஸ்டாட்டிக் ஃபீல்டு ஏதாவது இருந்தால், சர்வர் ஸ்டாப்டு நிகழ்வில் அதை நல் ஆக்கிவிடுங்கள்.