செப்டம்பரில் இருந்த மும்முடி டிசம்பரில் எங்கே போனது?

கேள்வி:
வணக்கம். 1522 செப்டம்பரில் விட்டன்பெர்க்கில் அச்சான, போப்பாண்டவரை எதிர்த்த சீர்திருத்தவாதி லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், அதன் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஓவியர் லூக்காஸ் கிரனாக்கின் பட்டறை செய்துகொடுத்த 21 முழுப்பக்க மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. 17ஆம் அதிகாரப் படத்தில், ஏழு தலை மிருகத்தின்மேல் அமர்ந்திருக்கும் மகா வேசி போப்பாண்டவரின் மூன்றடுக்கு மகுடமான மும்முடியை அணிந்திருக்கிறாள். அதே ஆண்டு டிசம்பர் பதிப்பிலோ சாதாரணக் கிரீடமே இருக்கிறது. மற்றக் கோடுகள் மாறவில்லை. படத்தைப் புதிதாகச் செதுக்கினார்களா, பழைய கட்டையையே திருத்தினார்களா?

மறுமொழி 1:
பழைய கட்டையேதான். மரச்செதுக்கில் கோடுகள் மட்டும் மேடாக நிற்க, சுற்றியுள்ள மரம் உளியால் அகற்றப்பட்டுப் பள்ளமாகிவிடும். மை மேட்டில்தான் ஒட்டும். ஆகவே ஒரு கோட்டை நீக்க அதைச் சீவிவிட்டால் போதும், அந்த இடம் தாளில் வெள்ளையாக விழும். மும்முடியின் மேலடுக்குகளுக்கு நேர்ந்தது இதுவே. இரு பதிப்புகளையும் அருகருகே வைத்து அவள் தலைக்கு மேலே பாருங்கள்: கீழடுக்கு கிரீடமாக எஞ்சியிருக்க, அதன்மேல் வெறுமை தெரியும். 11ஆம் அதிகாரத்து மிருகத்தின் முடியும் இப்படியே குறைக்கப்பட்டது. நீக்குவது எளிது, சீவியதைத் திரும்பச் சேர்க்கத்தான் அந்த இடத்தைத் தோண்டி, வேறு மரத்துண்டைப் பொருத்தி, மறுபடி செதுக்க வேண்டும்.

மறுமொழி 2:
காரணத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் சாக்சனி நாடு அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தது. விட்டன்பெர்க் லூத்தரைக் காத்த பிரெடரிக்கின் ஆட்சியில் இருந்தது. மறுபகுதியை ஆண்ட ஜார்ஜ் கோமகன் லூத்தரின் கடும் எதிர்ப்பாளர். அவர் இந்நூலைத் தம் நாட்டில் தடைசெய்தார்; அவருடைய எதிர்ப்பே திருத்தத்துக்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. 1534இல் வெளியான லூத்தரின் முழு விவிலியத்தில் மும்முடி திரும்பிவந்தது.

மறுமொழி 3:
மும்முடி கிரனாக்கின் சேர்க்கை என்பதை ஜெர்மன் ஓவியர் டியூரரோடு ஒப்பிட்டால் உணரலாம். 1498இல் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு டியூரர் வெளியிட்ட 15 படங்களில் இதே மகா வேசி, அவர் வெனிஸில் கண்டு வரைந்த சீமாட்டியின் உடையில் வருகிறாள். போப்பாண்டவரைச் சுட்டும் குறி எதுவும் அவளிடம் இல்லை. கிரனாக்கோ முடியோடு நிற்கவில்லை. அவருடைய தொடரில் இடிந்து விழும் பாபிலோனைக் கவனியுங்கள். 1493ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் வரலாற்று நூலில் உள்ள ரோமாபுரிக் காட்சியைப் பார்த்து வரைந்த நகரம் அது. அந்நூலைப் புரட்டியவர்களுக்கு எந்த நகரம் விழுகிறது என்பது முடியில்லாமலே விளங்கியிருக்கும்.