புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை: ஒரு வசனமா, முழுக் கடிதமா?

ஈசூன் மகன்

இங்கே சிங்கப்பூரில், போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல வாக்குத்தத்த அட்டைத் தட்டை நீட்டினார்கள். ஆளுக்கு ஓர் அட்டை; அதில் இருக்கிற வேத வசனம்தான் வரும் வருஷத்துக்குக் கடவுள் தருகிற வாக்கு என்று எடுத்துக்கொள்வோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டையை எடுத்தார். எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அப்பா அப்போது மருத்துவமனையில் இருந்தார். அம்மா அந்த அட்டையைக் கொண்டுபோய் அப்பாவின் தலையணைக்கு அடியில் வைத்தார். மார்ச்சில் அப்பா போய்விட்டார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். அடக்கம் முடிந்த வாரத்தில் ஜெபக்குழுவைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்கு வந்து, "வாக்குத்தத்தம் கிடைத்தால் போதுமா சிஸ்டர், அதைப் பெற்றுக்கொள்ள விசுவாசம் வேண்டுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். தன் விசுவாசக் குறைவுதான் அப்பாவைக் கொன்றது என்று அம்மா நம்புகிறார். ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுகிறார்.

அதன் பிறகுதான் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன யூதர்களுக்கு, எருசலேமில் இருந்த எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். எரேமியா எழுதியதோ எழுபது வருஷம். அது எங்கே இருக்கிறது தெரியுமா? பத்தாம் வசனத்தில், நம் அட்டை வசனத்துக்கு நேர் மேலே. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அவர்களிடம்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று சொல்லப்பட்டது. அட்டையில் பத்தாம் வசனம் இல்லை. இருந்திருந்தால் அம்மாவிடம் அந்த மனிதர் அப்படிப் பேசியிருக்க முடியுமா?

அட்டை கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. முன்னும் பின்னும் வெட்டிய வசனத்தை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

செங்காங் அக்கா

தம்பி, அம்மாவிடம் அப்படிப் பேசியது பாவம். துன்பத்தில் கிடந்த யோபுவிடம், உன் பாவம்தான் காரணம் என்று பேசிய சிநேகிதர்கள் செய்த அதே பாவம். அவர்கள்மேல் கர்த்தர் கோபங்கொண்டார் என்று யோபு 42:7இல் இருக்கிறது. அம்மாவிடம் இதை நீங்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் அட்டையை நிறுத்தச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் சபையில் பதினெட்டு வருஷமாக அந்த அட்டைகளை எழுதுகிறவள் நான். நவம்பரிலேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவேன். யார் கையில் போகுமோ தெரியாது, ஒவ்வொன்றுக்கும் ஜெபித்துவிட்டுத்தான் அடுத்ததை எழுதுவேன்.

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு முழு அதிகாரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்ததில் நாற்பது ஐம்பது வசனம் மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு, புருஷன் இல்லாமல் நாலு பிள்ளைகளை வளர்த்தார். எரேமியா யார், எந்த ராஜா காலம் என்று கேட்டால் முழிப்பார். அவர் வேதத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்பீர்களா?

பழைய காலத்துச் சபைப் பிதா அகஸ்டின் மனந்திரும்பிய கதையும் தெரிந்திருக்கும். 386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில், "எடுத்து வாசி" என்று ஒரு பிள்ளைக் குரல் கேட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கண்ணில் பட்டது ரோமர் 13:13-14. அந்த இடத்தோடு மூடிவிட்டார், அதற்குமேல் வாசிக்கவில்லை. சுவிசேஷம் எழுதிய மத்தேயுவையே பாருங்கள். "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்று ஓசியா 11:1 சொல்வது இஸ்ரவேல் ஜனங்களைப் பற்றி. மத்தேயு அதை எடுத்துக் குழந்தை இயேசுவுக்கு வைக்கிறார். உங்கள் சட்டப்படி மத்தேயு செய்ததும் தப்பாகிவிடுமே?

ஈசூன் மகன்

அக்கா, மத்தேயுவுக்கு ஓசியா முழுவதும் தெரியும். இஸ்ரவேல் நடந்த பாதையில் இயேசு மறுபடி நடக்கிறார் என்பதைத்தான் அவர் வரிசையாகக் காட்டுகிறார்: எகிப்து, தண்ணீர், வனாந்தரம். ஒரு வரியை எடுத்தார், கதை முழுவதும் கூடவே வந்தது. அதே மத்தேயு நாலாம் அதிகாரத்தில் ஒற்றை வசனத்தை எடுத்துக்கொண்டு வருகிறவன் யார்? பிசாசு. சங்கீதம் 91ஐச் சொல்லித்தான் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதி என்கிறான். இயேசு இன்னொரு வசனத்தைச் சொல்லி அதற்குப் பதில் கொடுக்கிறார்.

அகஸ்டின் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். அவர் ஏற்கெனவே பவுலின் நிருபங்களை வாசித்துக்கொண்டிருந்தவர், மிலான் பிஷப் அம்புரோசின் பிரசங்கங்களைக் கேட்டவர். அது இருக்கட்டும். அவர் கண்ணில் பட்ட வசனம் எது? களியாட்டு, வெறி, காமவிகாரம், பொறாமை எல்லாவற்றையும் விட்டுவிடு என்பது. அந்த வசனம் உங்கள் தட்டில் இருக்கிறதா அக்கா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் இந்த உரையாடல் என்னை இழுத்துவிட்டது. நண்பர் ஒருவர் கொடுத்த பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் என்னிடம் இருக்கிறது; அதன் நடைக்காகவே அடிக்கடி புரட்டுவேன்.

இந்த வசனத்தில் "உங்களுக்கு", "உங்கள்பேரில்" என்று இருக்கிறது. மரியாதைக்காக வந்த பன்மையோ என்று பார்த்தேன். இல்லை. அந்த மொழிபெயர்ப்பில் கடவுள் ஒரே ஆளிடம் பேசினால் "நீ"தான். யோசுவாவிடம், "நீ போகும் இடமெல்லாம் உன் தேவனாகிய கர்த்தர் உன்னோடே இருக்கிறார்" என்கிறார். ஆகவே எரேமியாவில் வருவது கூட்டத்துக்கான "உங்கள்". இங்கே நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசிக்கிறார்கள். அதில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல். தனக்கென்றே வந்த கடிதம் என்று தோன்றுவது இயல்பு. தமிழில் வாசிப்பவர் அந்தப் பன்மையைத் தவறவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தமிழிலும் இது நடக்கிறதே. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற வரி எத்தனை சுவர்களில் தொங்குகிறது! கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டு, புறநானூறு 192, பதின்மூன்று அடி. நீரோட்டத்தில் போகும் புணைபோல, அதாவது தெப்பம்போல, உயிர் ஊழின் வழியே போகும் என்றும், அதனால் பெரியோரை வியக்கமாட்டோம், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்றும் முடிகிறது. முதல் அடியோடு நிறுத்தினால் வரவேற்புரைதான் கிடைக்கும். அந்த அம்மையாரின் துயரத்துக்கு உதவக்கூடியது அந்தப் புணைதான் என்று எனக்குப் படுகிறது.

ஓஃபிர் ரோடு

லூர்து அன்னை ஆலயத்தில் வாசகம் வாசிப்பவன் நான். எங்களிடம் அட்டை வழக்கம் அவ்வளவாக இல்லை, அதனால் யார் பக்கமும் பேசவில்லை. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

"எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று பழைய மொழிபெயர்ப்பில் வருகிற இடத்தில் எபிரேயத்தில் இரண்டு சொற்கள்: அகரீத், திக்வா. பின்னால் வரப்போகும் காலம், நம்பிக்கை. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் எதிர்காலம், நம்பிக்கை என்றே இருக்கும். இப்போது அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று வாசித்தால் என்ன தோன்றும்? நான் எதிர்பார்க்கிற முடிவு, அவர் எழுந்து வீட்டுக்கு வருவது. அவர் தவறாக வாசித்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ் அப்படித்தான் இருக்கிறது. ஒரே மொழிபெயர்ப்போடு நிற்காமல் இரண்டைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் இந்த வேதனையில் பாதி வந்திருக்காது.

தனியாக வாசிப்பதிலும் ஆபத்து உண்டு. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். புரிகிறதா என்று சுவிசேஷகர் பிலிப்பு கேட்டால், ஒருவர் சொல்லித்தராவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்கிறார். பிலிப்பு ஏறிப் பக்கத்தில் உட்கார்கிறார். அட்டையை நீட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்காருகிறார்களா?

துவாஸ் தம்பி

அண்ணே, அக்கா, வணக்கம். நான் துவாஸ் பக்கம் விடுதியில் இருக்கிறேன், ஊர் தூத்துக்குடிப் பக்கம். கட்டுமான வேலை. விடியற்காலை லாரியில் போகும்போது போனில் ஒரு வசனம் வரும், அவ்வளவுதான் நேரம். ராத்திரி திரும்பினால் சமையல், துணி, தூக்கம். முழு அதிகாரம் வாசிக்காதவன் கையில் வசனத்தைக் கொடுக்காதே என்று அண்ணன் சொன்னால், வாரத்தில் ஆறு நாள் எனக்கு ஒன்றுமே கிடைக்காது.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை முழுசாக வாசித்தேன். ஐந்தாம் வசனத்தில், "வீடுகளைக் கட்டி, குடியிருந்து" என்று இருந்தது. அதோடு நின்றுவிட்டேன். இங்கே நான் மூன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் கட்டியிருக்கிறேன். கட்டி முடித்து வேலியைப் பிரித்துவிட்டால் உள்ளே போக எனக்கு ஒரு காரணமும் கிடையாது. ஏசாயா 65இல், ஒருவர் கட்ட வேறொருவர் குடியிருப்பது இனி இல்லை என்று ஒரு வசனம் வரும். அதையும் தேடி எடுத்து வாசித்தேன். அழுதேன்.

பிறகு ஏழாம் வசனம். நீங்கள் சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருந்தால் உங்களுக்கும் இருக்கும். அப்போது எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. இந்த ஊருக்காக ஜெபிக்க வாய் வரவில்லை. இருந்தாலும் ஆரம்பித்தேன். இப்போது லாரி போகிற வழியில் இருக்கிற பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஜெபிக்கிறேன்.

செங்காங் அக்கா

தம்பி, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். நான் இருக்கிற புளோக்கையும் உங்களைப் போல ஒருவர்தான் கட்டியிருப்பார்.

ஈசூன் தம்பிக்கு ஒரு கேள்வி. நான் இங்கே பிறந்தவள், சிங்கப்பூர் எனக்குப் பாபிலோன் இல்லை, வீடு. துவாஸ் தம்பியும் வேலைக்கு வந்தவர், யாரும் யுத்தத்தில் பிடித்துக்கொண்டு வரவில்லை. அப்படியானால் ஏழாம் வசனமும் அவருக்கு எழுதினது இல்லையே? பதினொன்றை அம்மா எடுத்துக்கொண்டது தப்பென்றால், ஏழாம் வசனத்தை இவர் எடுத்துக்கொண்டதும் தப்பா?

ஈசூன் மகன்

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

தப்பில்லை. ஆனால் அவர் செய்ததும் நாங்கள் செய்ததும் ஒன்றில்லை அக்கா. அவர் அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர்களுடைய நஷ்டம், காத்திருப்பு, பிடிக்காத ஊருக்காக ஜெபிக்க வேண்டிய கஷ்டம், எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். எங்கள் கையில் வந்தது கடைசியில் கிடைப்பது மட்டும். இது கடவுள் எனக்குச் சொன்னதா என்று கேட்பதற்கு முன்னால், அவர்களுக்கு இது என்னவாக இருந்தது என்று கேட்க வேண்டும். எனக்குச் சொன்னதா என்று கேட்கவே கூடாது என்பதுபோல நான் எழுதிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். லாரியில் ஒரு வசனம் மட்டும் வாசிக்க முடிகிறவர்களைப் பற்றி யோசிக்காமலும் எழுதிவிட்டேன். மன்னியுங்கள் தம்பி.

அட்டையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

செங்காங் அக்கா

அகஸ்டின் கண்ட வசனம் உன் தட்டில் இருக்கிறதா என்று கேட்டீர்களே, நேற்று பெட்டியைத் திறந்து எல்லா அட்டையையும் மேசைமேல் பரப்பினேன். இல்லை. புலம்பல் 3:22 இருக்கிறது, "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே". அதற்கு முன்னால் இருபது வசனம் அந்த மனுஷன் அழுகிற அழுகை ஒரு அட்டையிலும் இல்லை. பிலிப்பியர் 4:13, "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு", அது மட்டும் எட்டு அட்டை. "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்ற 12ஆம் வசனம் ஒன்றுகூட இல்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் கையில் அது போக வேண்டுமே என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. பதினெட்டு வருஷம் ஜெபித்துத்தான் எழுதினேன். ஆனாலும் ஒரே மாதிரி வசனங்களாகப் பொறுக்கியிருக்கிறேன்.

நிறுத்தமாட்டேன் தம்பி. என் மாமியாரைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். இந்த நவம்பரில் பின்பக்கத்தில் முந்தின வசனத்தையும் எழுதப்போகிறேன். இடம் போதாவிட்டால் அட்டையைப் பெரிதாக வெட்டுகிறேன்.

ஈசூன் மகன்

நேற்று ராத்திரி அம்மா எழுந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடிதத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். எழுபது வருஷம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப அதைக் கேட்ட கிழவன் கிழவியெல்லாம் அங்கேயே செத்திருப்பாங்களே?"

ஆமாம்மா என்றேன்.

"அவங்களுக்கு விசுவாசம் இல்லைன்னு அதில எழுதியிருக்கா?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த அதிகாரம் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இதையே இன்னொரு தடவை வாசி என்றார்.